ஹைட்ரோ பில் என்றால் தண்ணீர் பில் இல்லை: கனேடியர் பேச்சு, புதிதாகக் கேட்பவர்களுக்கு

என் மாமி கனடாவுக்கு வந்து மூன்றாவது மாதம், கையில் இரண்டு கடிதங்களோடு குசினிக்குள் வந்து நின்றார். முகத்தில் வழக்குப் பேசப் போகிற களை. ஒன்று தண்ணீர்க் கட்டணம். மற்றதில் ஹைட்ரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "ஹைட்ரோ எண்டாலும் தண்ணிதானே? நானும் சயன்ஸ் படிச்சனான். ஒரே தண்ணிக்கு ரெண்டு பில் அனுப்புறாங்கள், நீங்களும் பேசாமல் கட்டிக்கொண்டு இருக்கிறியள்" என்றார்.

"மாமி, அது கரண்ட் பில்."

நம்பவில்லை. கடிதத்தைப் பிரித்து கிலோவாட் கணக்கைக் காட்டிய பிறகுதான் அடங்கினார். "அப்ப கரண்ட் எண்டு போட வேண்டியதுதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மாமி கேட்டது நியாயமான கேள்வி. கதை இதுதான்: ஒன்ராறியோ மாகாணத்துக்கு மின்சாரத்தை அள்ளிக் கொடுத்தது நயாகரா நீர்வீழ்ச்சி. 1906இல் மாகாண அரசு மின்சாரத்துக்கென்று ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் பெயரின் தொடக்கமே 'ஹைட்ரோ எலக்ட்ரிக்'. அவ்வளவு நீளமான பெயரைத் தினமும் சொல்ல யாருக்கு நேரம்? ஹைட்ரோ என்று நறுக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒன்ராறியோ மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. அதில் ஒன்றான பிக்கரிங், ரொறன்ரோ மாநகரில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவுக்குப் பக்கத்து ஊர். ஆனாலும் பில் ஹைட்ரோ பில்தான், தெருவோரக் கம்பம் ஹைட்ரோ கம்பம்தான். புயலில் கரண்ட் போனால் ஹைட்ரோ போய்விட்டது என்பார்கள். கியூபெக், மனிற்றோபா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களிலும் இதே சொல் உண்டு. அங்கேயும் ஆறுகள்தான் விளக்கேற்றின. நிலக்கரியையும் எரிவாயுவையும் நம்பி வளர்ந்த அல்பேர்ட்டாவில் போய் ஹைட்ரோ என்றால் உங்களை ஒன்ராறியோக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே அது பவர் பில்.

கனேடியப் பேச்சு வழக்கு என்று சொல்வது இந்த மாதிரிச் சொற்களைத்தான். ஆங்கில இலக்கணம் பெரிதாக மாறிவிடுவதில்லை. தூரத்திலிருந்து கேட்டால் அமெரிக்கர் பேசுவதற்கும் கனேடியர் பேசுவதற்கும் வித்தியாசம் பிடிபடாது. கடை, வீதி, குளிர், சாராயம், விளையாட்டு என்று கிட்டப் போகும்போதுதான் சொற்கள் வேறாகின்றன. இவற்றைத் தொகுத்து 1967இலேயே ஒரு வரலாற்று அகராதி போட்டார்கள். 2017இல் அதன் இரண்டாம் பதிப்பு இணையத்தில் வந்தது. ஆனால் அகராதியை வைத்துப் பழக முடியாது, ஏனென்றால் இந்தச் சொற்கள் பலவற்றுக்கு வீட்டு முகவரி மாதிரி ஒரு முகவரி உண்டு. 'மனே' என்று ஒருவர் கூப்பிட்டால் அவர் மட்டக்களப்புப் பக்கம் என்று எங்களுக்குத் தெரிகிறதல்லவா, அதேபோல. எந்தச் சொல் எந்த மாகாணத்தில் குடியிருக்கிறது என்று தெரியாமல் எடுத்து வீசினால் சிரிப்பார்கள்.

எங்கள் 'என்ன', அவர்களின் 'ஏ'

நாடு முழுக்கக் கேட்கிற ஒன்றிலிருந்து தொடங்கலாம். வாக்கியத்தின் கடைசியில் வரும் 'ஏ'. கனேடியர் என்றாலே உலகம் கேலி செய்வது இந்த ஓரெழுத்தை வைத்துத்தான்.

யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. "வடிவான வீடு, என்ன?" "நாளைக்கு வாறீர், என்ன?" என்கிறோமே, அந்த 'என்ன'தான் இந்த 'ஏ'. அங்கே நாம் கேள்வி கேட்கவில்லை. எதிரில் நிற்பவரையும் நம் பேச்சுக்குள் இழுத்துக்கொள்கிறோம். பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத ஒருவர் வானத்தைப் பார்த்து "கோல்ட், ஏ?" என்றால் வெப்பநிலை எத்தனை என்று விசாரிக்கவில்லை. "ஓம், பொல்லாத குளிர்" என்று நீங்கள் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'ஏ' நாலைந்து வேலை செய்யும். ஒத்துக்கொள்ள வைக்கும். காது கேட்காதபோது தனியாக நின்று 'என்ன சொன்னீர்?' ஆகும். திட்டும்போதும் வரும், நன்றி சொல்லும்போதும் வரும். சுவையானது கதை சொல்லும்போது வருவது: "நான் கடைக்குப் போனேன், ஏ, அங்கே இவன் நிற்கிறான், ஏ..." என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு முட்டுக் கொடுப்பார்கள். நம் ஊரில் கதை சொல்பவர் இடையிடையே "கேட்டியே" போடுவது போலத்தான். நகரத்து இளசுகள் வாயில் இது குறைந்துவிட்டது. சிற்றூர்களிலும் வயதானவர்களிடமும் தாராளமாகக் கேட்கலாம். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இதை வலிந்து பழகாதீர்கள். தானாக ஒட்டிக்கொள்ளும். வலிந்து சொன்னால் வெளிநாட்டுக்காரர் 'வணக்கம்' சொல்வது போலத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொரு சொல் 'ஹோசர்'. மட்டி, முட்டாள் என்கிற மாதிரியான செல்லத் திட்டு. 1980களில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி அதை நாடெங்கும் பரப்பியது. கனேடியர்களைப் பற்றி யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கும். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட நிஜமாக இன்னொருவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கோப்பிக் கடை வரிசையில்

காலை ஏழு மணிக்கு டிம் ஹோர்ட்டன்ஸ் கடை ஒன்றில் வரிசையில் நின்று பாருங்கள். ஹமில்டன் நகரில் 1964இல் டிம் ஹோர்ட்டன் என்ற ஐஸ் ஹொக்கி வீரர் பங்காளியாக நின்று தொடங்கிய டோனட் கடை இது. இன்று பெற்ரோல் நிலையம், ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலை என்று இல்லாத இடமில்லை. கடையை 'டிம்மீஸ்' என்றோ வெறும் 'டிம்ஸ்' என்றோதான் சொல்வார்கள். ஸ்காபரோவில் சில கிளைகளில் ஓய்வுபெற்ற நம் ஐயாமார் ஒரு மேசையைப் பிடித்து, ஒரு கோப்பியை மூன்று மணி நேரம் குடித்துக்கொண்டு ஊர் அரசியல் பேசுவார்கள்.

வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் "லார்ஜ் டபுள் டபுள்" என்பார். இரண்டு கோப்பி கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒரு கோப்பிதான், அதில் இரண்டு பங்கு கிரீம், இரண்டு பங்கு சீனி. பால் இல்லை, கிரீம். நம் ஆட்களில் சிலருக்கு அதுவும் போதாது. 'டிரிப்பிள் டிரிப்பிள்' என்று மூன்று மூன்றாக ஏற்றிக்கொள்வார்கள். டபுள் டபுள் 2004இல் கனேடிய ஒக்ஸ்போர்ட் அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. கூடவே உருண்டை உருண்டையாக ஒரு பெட்டி வாங்குவார்கள். அது 'டிம்பிட்ஸ்', டோனட்டின் நடு ஓட்டைக்குள் இருந்து பிடுங்கியது போன்ற சிறு பலகாரம். அலுவலகத்துக்கு ஒரு பெட்டி டிம்பிட்ஸ் கொண்டுபோகிறவரை யாரும் வெறுப்பதில்லை.

காசு கொடுக்கும்போது அடுத்த பாடம். ஒரு டொலர் நாணயம் 'லூனி'. இரண்டு டொலர் 'டூனி'. லூனிக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1987இல் ஒரு டொலர் தாளுக்குப் பதில் நாணயம் அடிக்கத் திட்டமிட்டபோது, பழைய வெள்ளி டொலரில் இருந்த வள்ளம் வலிப்போர் படத்தையே போடுவதாக இருந்தார்கள். அந்த அச்சுகள் ஒட்டாவாவிலிருந்து வினிபெக்குக்குப் போகும் வழியில் தொலைந்துபோயின. கள்ளக் காசு அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் படத்தையே மாற்றினார்கள். புதிதாக வந்தது 'லூன்' என்ற நீர்ப்பறவை. ஏரியில் இரவு நேரம் பேய் அழுவது போலக் கத்தும் பறவை அது. காசில் லூன் உட்கார்ந்ததும் மக்கள் அதற்கு லூனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1996இல் வெண்கரடிப் படத்தோடு இரண்டு டொலர் நாணயம் வந்தபோது, கரடியை யாரும் கண்டுகொள்ளவில்லை. 'டூ' என்பதையும் லூனியையும் ஒட்டி டூனி ஆக்கினார்கள்.

லூனி அதிர்ஷ்டக் காசாகவும் ஆனது. 2002இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தளம் போடப் போன எட்மன்ரன்காரர் ஒருவர், ஹொக்கித் தளத்தின் நட்ட நடுவில் ஒரு லூனியைப் புதைத்து வைத்தார். கனடாவின் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் தங்கம் வென்றன. ஆண்களுக்கு அது ஐம்பது ஆண்டு காத்திருந்து கிடைத்த தங்கம். அந்தக் காசு ரொறன்ரோவில் ஹொக்கி அருங்காட்சியகத்துக்குப் போனது.

பலசரக்குக் கடையில் 'ஹோமோ மில்க்' என்று கண்டால் திடுக்கிட வேண்டாம். கொழுப்பு 3.25 வீதம் உள்ள முழுப்பால், அவ்வளவுதான். ஒன்ராறியோவில் பால் பைகளில் வரும். ஒரு பெரிய பைக்குள் மூன்று சிறு பைகள், மொத்தம் 4 லீற்றர். ஒரு பையைச் சாடிக்குள் இறக்கி மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஊற்ற வேண்டும். மேற்குக் கனடாக்காரர்களுக்கு இது வேடிக்கை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒன்றுதான் பழகிய சங்கதி.

சாராயக் கடைச் சொற்களையும் விட்டுவிட முடியாது. 24 பியர் போத்தல் கொண்ட பெட்டி 'டூ ஃபோர்'. மே மாதம் விக்டோரியா மகாராணி பிறந்தநாளையொட்டி வரும் நீண்ட வார இறுதியை 'மே டூ ஃபோர்' என்பார்கள். மகாராணி பிறந்தது 24ஆம் தேதி, பெட்டியில் இருப்பதும் 24. எதைக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். 'மிக்கி' என்பது 375 மில்லிலீற்றர், சட்டைப்பைக்குள் அடங்கும் சாராயப் போத்தல். அமெரிக்காவில் மிக்கி என்றால் மயக்கமருந்து கலந்த குடிபானம் என்று அர்த்தம் வரும். எல்லை தாண்டும்போது கவனம்.

குளிர் கொடுத்த சொற்கள்

கனேடியப் பேச்சில் பாதியைக் குளிர் பேசுகிறது. தலையில் போடும் கம்பளித் தொப்பி 'டூக்'. பிரெஞ்சிலிருந்து வந்தது. இது இல்லாமல் சனவரியில் வெளியே போனால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும்.

பனி உருகும் காலத்தில் வீதியோரம் மேலே மெல்லிய ஐஸ், கீழே குட்டை. கால் வைத்தால் உள்ளே போய், சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறி, காலுறை நனைந்து, நாள் முழுக்க அந்த ஈரத்தோடு வேலை. இந்த அனுபவத்துக்கென்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: ஒன்ராறியோவில் 'சோக்கர்', வினிபெக்கில் 'பூட்டர்'. தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை, தேவையும் இருந்ததில்லை. நான் வந்த முதல் வருடம் இரண்டு தரம் சோக்கர் வாங்கினேன், அந்தச் சொல்லை அறிவதற்கு முன்பே.

பிரெய்ரி எனப்படும் சமவெளி மாகாணங்களில் "காரைச் செருகிவிட்டாயா?" என்று கேட்பார்கள். மின்சாரக் கார் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கேட்கிறார்கள். கடுங்குளிரில் எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க அதற்குள் ஒரு சிறு சூடாக்கி இருக்கும். அதன் வயர் காரின் மூக்கிலிருந்து தொங்கும். இரவில் அதைச் சுவரில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். கல்கரியில் சில நாள் 'சினூக்' அடிக்கும். மலைத்தொடரைத் தாண்டி இறங்கும் சூடான காற்று அது. சில மணி நேரத்தில் இருபது பாகை வரை ஏறி, பனியெல்லாம் கரைந்து, சனங்கள் சட்டையோடு திரிவார்கள். மறுநாள் பழையபடி குளிர். பல பேருக்குத் தலையிடி.

குளிரிலிருந்து ஹொக்கிக்கு அரை அடி தூரம்தான். ஹொக்கிச் சொற்கள் ஆட்டத்துக்கு வெளியிலும் உலவும். எதிராளியை ஏமாற்றி ஒதுங்கிப் போவது 'டீக்'. கூட்டம் நடக்கும்போது மெல்ல நழுவிக் கோப்பி வாங்கப் போனாலும் டீக் பண்ணிவிட்டான் என்பார்கள். உறைந்த குளத்திலோ தெருவிலோ விதிமுறை பார்க்காமல் ஆடும் ஆட்டம் 'ஷின்னி'. நம் தெருக் கிரிக்கெட்டின் குளிர்தேசத்துத் தம்பி. எதையும் முழுமூச்சாகச் செய்தால் 'கிவர்'. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிற பிள்ளை 'கீனர்'. அதில் பாராட்டும் கொஞ்சம், நக்கலும் கொஞ்சம். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டம் அடிக்கடி கிடைக்கும்.

கோடையில் ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். தெற்கு ஒன்ராறியோவில் அதற்கு 'கொட்டேஜ்' என்று பெயர். மேற்கே போனால் 'கபின்', வட ஒன்ராறியோவில் 'காம்ப்', கியூபெக்கில் 'ஷலே', கிழக்கே கேப் பிரெட்டன் தீவில் 'பங்களோ'. காம்ப் என்று கேட்டு அகதி முகாமை நினைத்து முகம் மாறிய ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அவரைக் கூப்பிட்டவர் ஆசையாக ஏரிக்கரை வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்.

சஸ்கச்சுவான் மாகாணத்துக்கே உரிய சொல் 'பன்னி ஹக்'. முயல் அணைப்பு என்று பொருள் வரும், ஆனால் அது தலைமூடி வைத்த தடித்த சட்டை, மற்ற இடங்களில் ஹூடி. ஏன் அந்தப் பெயர் என்று அவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பக்கத்து மனிற்றோபாவில் 'சோஷல்' என்றொரு வழக்கம். கல்யாணம் செய்யப்போகிற சோடி ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, ஊரெல்லாம் டிக்கெட் விற்று, ஆட்டமும் குடியும் சீட்டிழுப்புமாக ஒரு இரவு நடத்தி, மிஞ்சுகிற காசில் கல்யாணச் செலவைப் பார்க்கும். நள்ளிரவில் ரொட்டி, இறைச்சித் துண்டு, சீஸ், ஊறுகாய் என்று மேசை போடுவார்கள். முன்பின் தெரியாதவரும் டிக்கெட் வாங்கிப் போகலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு உடனே புரியும். இங்கே மட்டும் எழுதி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

நியூஃபவுண்ட்லாந்து

உண்மையான சுவை வேண்டுமென்றால் கிழக்குக் கோடிக்குப் போக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து 1949 மார்ச் 31இல்தான் கனடாவோடு சேர்ந்தது. அதற்கு முன் தனி நாடு மாதிரி. கடிகாரம்கூட மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் அரை மணி நேரம் தள்ளி நிற்கும். (அதனால் குளிர்காலத்தில் கொழும்புக்கும் சென்னைக்கும் அவர்களுக்கும் இடையில் சரியாக ஒன்பது மணி நேரம், நம் அரை மணிக்கு இங்கே ஒரு சோடி கிடைத்தது எனக்கு இனம் புரியாத சந்தோஷம்.) தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் தென்கிழக்கு அயர்லாந்திலிருந்தும் மீன் பிடிக்க வந்த குடும்பங்கள் சின்னச் சின்னக் குடாக்களில் ஒதுங்கி நூற்றாண்டுகளாக இருந்ததால், அங்கே ஆங்கிலம் தன் வழியில் வளர்ந்தது. எவ்வளவு வளர்ந்தது என்றால், அந்தத் தீவின் பேச்சுக்கென்றே 1982இல் ஒரு தடித்த அகராதி வந்தது.

அங்கே 'ஃபிஷ்' என்றால் எல்லா மீனும் இல்லை. கொட் மீன் மட்டும். சால்மனை சால்மன் என்பார்கள், நண்டை நண்டு என்பார்கள், மீன் என்றால் அது கொட். அந்த மீனை நம்பித்தான் தீவே இருந்தது. 1992இல் கொட் பிடிக்க அரசு தடை போட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன; சொல் மட்டும் மாறவில்லை.

எங்கே இருக்கிறாய் என்று கேட்க "வேர் யா டூ?" என்பார்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். யாழ்ப்பாணத்து "எங்க நிக்கிறாய்?" போல எடுத்துக்கொண்டால் சுகமாக இறங்கும். அவர்களின் புகழ்பெற்ற வசனம் ஒன்று உண்டு, அதை நம் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நீ நிக்கிற இடத்திலயே நில்லு, நீ நிக்கிற இடத்துக்கு நான் வாறன்." ஆங்கிலத்தில் அதைக் கேட்டால் நாக்குச் சுளுக்கும். "வட்'யா அட்?" என்றால் 'என்ன செய்யிறாய்?' சாப்பிட்டு முடித்தேன் என்பதை "ஐம் ஆஃப்டர் ஈட்டிங்" என்பார்கள். அது ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு, ஆங்கில உடுப்புப் போட்டு நிற்கிறது.

'பை' என்பது எல்லாவற்றுக்கும் மருந்து. பையன் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், ஆனால் கிழவியையும் அப்படிக் கூப்பிடலாம். "யெஸ் பை" என்றால் ஆமோதிப்பு. அதையே இழுத்துச் சொன்னால் 'சும்மா விடாதை'. சட்டென்று மேலெழும் குரலில் சொன்னால் 'மெய்யாவோ!' நம் 'ஓமடா' எத்தனை ராகத்தில் எத்தனை பொருள் தரும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர் 'கம் ஃப்ரம் அவே'. பக்கத்து மாகாணத்திலிருந்து வந்தாலும் அப்படித்தான், முப்பது வருடம் குடியிருந்தாலும் அப்படித்தான். அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு விளையாட்டுச் சடங்கு வைத்திருக்கிறார்கள். ஸ்கிரீச் என்ற ரம்மை ஒரே மூச்சில் குடித்து, ஒரு கொட் மீனின் வாயில் முத்தமிட்டு, அவர்கள் சொல்லிக்கொடுக்கும் வசனத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "உன் பெரிய பாய் எப்போதும் காற்று வாங்கட்டும்" என்று முடியும் அந்த வசனம். பாய்க்கப்பல் காலத்து வாழ்த்து.

அந்தக் கரைக்கு மிகத் தூரத்திலிருந்து வந்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1986 ஆகஸ்ட் 11இல், புகார் மூடிய கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கண்டு முதலில் தன் படகில் ஏற்றியவர் கஸ் டால்ட்டன் என்ற நியூஃபவுண்ட்லாந்து மீனவர். சென். ஷொட்ஸ் என்ற ஊருக்கு அப்பால் நடந்தது. கனடாவில் ஈழத் தமிழர் கதையை யார் சொன்னாலும் அந்தப் படகுகளைச் சொல்லாமல் விடுவதில்லை. ஈரமும் புகாருமாக மூடிக் கிடக்கும் அந்தக் கால நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'மோசி'.

நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவிலோ, புதிதாக ஒரு இளைஞனைக் கண்டால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஹூஸ் யுவர் ஃபாதர்?" அதாவது, "தம்பி ஆற்ற மகன்?" மக்டொனால்ட் என்ற பெயரில் ஊருக்குப் பத்துக் குடும்பம் இருந்தால் வேறு எப்படி அடையாளம் காண்பது! கிழக்குக் கரை மாகாணங்களில் இன்னொன்றையும் கவனித்துக் கேளுங்கள். 'ஆம்' சொல்லும்போது சிலர் மூச்சை உள்ளே இழுத்தபடி 'ய்யா' என்பார்கள். முதல் முறை கேட்டபோது அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று பயந்துவிட்டேன்.

கியூபெக்கும் மேற்குக் கரையும்

கியூபெக்கில் பிரெஞ்சு. அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களும் மூலைக் கடையை 'டெப்' என்பார்கள், டெப்பனேர் என்பதன் சுருக்கம்; அவசரத்துக்குக் கைகொடுக்கிற கடை என்று பொருள். வீட்டு விளம்பரத்தில் 'மூன்றரை', 'நாலரை' என்று இருக்கும். அந்த அரை, குளியலறை. மூன்றரை என்றால் மூன்று அறையும் ஒரு குளியலறையும், சமையலறையும் அந்த மூன்றில் அடக்கம். மொன்றியலில் வீடு தேடுகிறவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

ஆனால் கியூபெக்கின் தனிச் சொத்து அதன் வசவுகள். மற்ற ஊர்களில் உடல், உறவு பற்றித் திட்டுவார்கள். இங்கே தேவாலயப் பொருட்களின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். 'தபர்நாக்' என்பது நற்கருணைப் பேழை. 'காலிஸ்' என்பது திருக்கிண்ணம். 'ஓஸ்தி' என்பது நற்கருணை அப்பம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கை ஓங்கியிருந்த காலத்தில், கோபத்தைக் கொட்ட அதைவிடப் பெரிய பொருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1960களில் அந்தப் பிடி தளர்ந்தது, கோவில்கள் வெறுமையாயின, வசவு நிலைத்துவிட்டது. சுத்தியல் விரலில் பட்டால் மூன்றையும் சேர்த்துக் கோர்த்து விடுவார்கள். பிள்ளைகள் முன்னால் என்றால் 'தபர்னூஷ்' என்று மழுப்புவார்கள்.

பசிபிக் கரையில் வேறு ஊற்று. ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் வியாபாரத்துக்குப் பேசிய சினூக் கலப்பு மொழியிலிருந்து சில சொற்கள் தங்கிவிட்டன. 'ஸ்கூக்கம்' என்றால் பலமானது, நயமானது. 'சோல்ட் சக்' என்றால் கடல். சக் என்பது அந்த மொழியில் தண்ணீர்.

சொறி

மன்னிப்பு பற்றி ஒரு வார்த்தை. கனேடியர் எதற்கெடுத்தாலும் 'சொறி' சொல்வார்கள் என்பது உண்மை. நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவர்தான் சொறி சொல்வார். 'வழி விடுங்கள்' என்பதும் சொறி, 'கேட்கவில்லை' என்பதும் சொறி. சொறி சொன்னதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் எடுத்துக்கொண்டால் நாடே உள்ளே போக வேண்டிவருமே! அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் 2009இல் வந்த மன்னிப்புச் சட்டப்படி, சிவில் வழக்குகளில் மன்னிப்புக் கேட்டதைப் பிழையை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

கடைசியாக எங்கள் வீட்டு மொழி

ரொறன்ரோவில் பதினாறு வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் மேலே சொன்ன பாதி உதவாது. முதலில் ஊரின் பெயர்: எழுத்துக்கூட்டிச் சொன்னால் புதியவர், 'ட்ரானோ' என்று விழுங்கினால் ஊர்க்காரர். பிள்ளைகளுக்கு அது 'த சிக்ஸ்'. 1998இல் ஸ்காபரோ உட்பட ஆறு நகராட்சிகளைச் சேர்த்துத்தான் இன்றைய மாநகரம் ஆனது. தொலைபேசிக் குறியீடு 416இலும் ஆறு இருக்கிறது. இங்கே பிறந்த ராப் பாடகர் டிரேக் அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

இந்தப் பிள்ளைகளின் பேச்சுக்கு முதுகெலும்பு யமேக்கா மொழி, மேலே சோமாலியப் பிள்ளைகள் வழியாக வந்த அரபுச் சொற்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே அடுக்குமாடி. யமேக்கா, சோமாலியா, தமிழ், பிலிப்பீன்ஸ் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். 'வல்லாஹி' என்றால் ஆண்டவன் மேல் ஆணை; பிள்ளையார் கோவிலுக்குப் போகிற பெடியனும் சொல்கிறான். 'மான்ஸ்' என்றால் நான். "மான்ஸ் இஸ் ஹங்ரி" என்றால் எனக்குப் பசிக்கிறது. 'வேஸ்ட் யூட்' உருப்படாதவன். 'சீஸ்ட்' என்றால் கடுங்கோபம். 'நைஸ் இட்' என்றால் வாயை மூடு. இதை 'நல்லது' என்று புரிந்துகொண்டு ஒரு தகப்பன் சந்தோஷப்பட்ட கதை எங்கள் தெருவில் உண்டு. அந்தத் தகப்பன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது 'ஆலாய்'. வாக்கியக் கடைசியில் வரும், அல்லது எதிரில் இருப்பவர் சொன்னதை ஆமோதித்துத் தனியாக வரும். யமேக்கா வழக்கில் 'இது பொய்யா?' என்பதிலிருந்து வந்தது, 'இல்லையா?' என்ற பொருளில். போன சனவரியில் பஸ் தரிப்பில் நின்றோம். காற்று முகத்தைச் சீவியது. டூக் போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் "கோல்ட், ஏ?" என்றார். என் மகனின் சிநேகிதன் அவனைப் பார்த்து "பிரிக், ஆலாய்?" என்றான். செங்கல் என்பதும் அவர்களுக்குக் கடுங்குளிர்தான். மாமி என் பக்கம் திரும்பி "பொல்லாத குளிர், என்ன?" என்றார்.

மூவரும் ஒன்றைத்தான் சொன்னார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உற்சாகம் தாங்காமல் மகனிடம் "பிரிக், ஆலாய்" என்று சொல்லிப் பார்த்தேன்.

அவன் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்பா, ப்ளீஸ். நீங்கள் 'என்ன' எண்டே சொல்லுங்கோ" என்றான்.